பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை வாட்?

சென்னை ரிச்சி தெருவில் மலிவான ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் கணக்குதான். 1000 வாட், 2000 வாட் என்று இருக்கும். அருகில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. (உச்ச இசைத் திறன்) என்று இருக்கும். அதே பெட்டியைத் திருப்பினால், 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைப் பயன்படுத்தவும் என்ற குறிப்பைக் காணலாம். பன்னிரண்டை இரண்டால் பெருக்கினால் 24. உள்ளே 24 வாட் மட்டுமே போகும் பெட்டியிலிருந்து 1000 வாட் இசை தொடர்ந்து வெளியே வர ஆற்றல் அழியாமை விதி இடம் கொடுக்காது. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை எதுவும் கிடையாது. அது விற்பவர் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் எண். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கை. அதை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

12 வோல்ட்டில் இயங்கும் சாதாரணச் சுற்றில், ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்னழுத்தம் நடுப்புள்ளியான 6 வோல்ட்டிலிருந்து மேலே 6, கீழே 6 வோல்ட்டுக்கு மேல் ஆட முடியாது. உச்சம் 6 வோல்ட் என்றால் அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு (உச்சத்தை 1.41ஆல் வகுத்தால் வருவது) ஏறத்தாழ 4.2 வோல்ட், அதன் வர்க்கம் 18, அதை ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 4.5 வாட். இடம், வலம் என்ற இரண்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘4440 போர்டு’ என்று செல்லமாக அழைக்கும் சான்யோ எல்.ஏ. 4440 ஐசியின் தகவல் தாளும் இந்தக் கணக்கை ஒட்டியே பேசுகிறது: 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 6 வாட்; பிரிட்ஜ் முறையில் 19 வாட். பிரிட்ஜ் முறையில் ஐசியின் இரு பாதிகளும் ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளை எதிரெதிராகத் தள்ளுவதால் மின்னழுத்தம் இரட்டிப்பாகிறது. கொள்கையளவில் வாட் நான்கு மடங்காகிறது. ஆனால் அப்போது ஒரு ஐசி ஒரு ஸ்பீக்கரை மட்டுமே இயக்கும் என்பதால், ஸ்டீரியோவுக்கு ‘டபுள் ஐசி’ போர்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நாலரை வாட் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியளவை அதன் உணர்திறன் என்பார்கள். தரமான ஸ்பீக்கரின் விவரத் தாளில் இது டெசிபலில் இருக்கும். வாட் இரட்டிக்கும்போது 3 டெசிபல் கூடும். எனவே 88 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு 4 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 94 டெசிபல் வரும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நடுத்தர ஹாலில் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார் என்பது புரியும். நம் காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்கு மாறுவதில் கூடுவது வெறும் 3 டெசிபல். மாறாக, 82 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 91 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்ளிஃபயரின் வாட்டை எட்டு மடங்காக்கிய பலன் கிடைக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் ஆகிய மூன்றையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்டால் இயற்பியல் தராது.

ஓம் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்தால் 4 ஓம் ஆகும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைக் கோத்தால் 2 ஓம் ஆகி, மின்னோட்டம் அளவுக்கு மீறிக் கூடி, ஐசியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாத சூடு ஏறும்.

டிவியை ஆப்டிகல் கேபிள் வழியாக டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு மலிவான பெட்டியில் இணைத்துவிட்டுச் சத்தமே வரவில்லை என்று திகைப்பவர்கள், டிவியின் ஒலி அமைப்பில் டால்பி என்று இருப்பதை, சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலியான பி.சி.எம். என மாற்றிப் பார்க்க வேண்டும். பல மலிவுப் பெட்டிகளுக்கு டால்பி தரவைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. பரணிலிருந்து பழைய ரெக்கார்ட் பிளேயரை இறக்குகிறவர்களுக்கு வேறு சிக்கல் உண்டு. அதில் இருப்பது காந்த வகை ஊசி என்றால், அதிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை. இடையில் அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் நேரே செருகினால் கொசு பாடுவதுபோல்தான் கேட்கும்.

வயருக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியில் ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டருக்கு மின்தடை 0.12 ஓம்தான். ஸ்பீக்கருடன் இலவசமாக வரும், கால் ஸ்கொயர் எம்எம் கனமுள்ள மெல்லிய வயரில் அது 0.7 ஓமாகிவிடும், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் வாட்டில் கால் பங்குக்கு மேல் இதனால் குறையும்.

ஸ்டீரியோ என்பது அடிப்படையில் காதுக்குக் காட்டும் ஒரு வித்தை. இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கோரினார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றொன்றைவிட அதிகபட்சம் 0.7 மில்லிநொடி போல முந்தி அடைகிறது. அந்த நூலிழை வேறுபாட்டையும் சத்த வேறுபாட்டையும் வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. இரு ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் தந்தால், பாடுகிறவர் நடுவில் நிற்பதாக மூளை முடிவு செய்துகொள்கிறது. அதற்கு இரு ஸ்பீக்கர்களும் நம் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது நல்லது. பீரோவின் மேல் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று என்று வைத்தால் இந்த வித்தை பலிக்காது.

சிவப்பு, கறுப்பு முனைகளைக் கவனிக்க வேண்டியதும் இதனால்தான். என் வீட்டிலேயே ஒரு முறை அவசரத்தில் இடப்பக்க வயரை மாற்றி முறுக்கிவிட்டு, பேஸ் இல்லை என்று இரண்டு நாள் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும் நேரத்தில் மற்றது பின்னால் போனால், ஒன்று அழுத்தும் காற்றை மற்றொன்று தளர்த்திவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர்; 2 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு பெட்டிகள் அந்த அலைக்கு ஏறக்குறைய ஒரே இடம்தான் என்பதால், அடி ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. முனைகளில் நிறம் அழிந்திருந்தால், வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் குதித்தால், பேட்டரியின் நேர்முனை தொட்ட முனையே வழக்கமாகச் சிவப்பு.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, பதிவான 1960களின் திரைப்பாடல் ஒன்றைப் போட்டு, நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். அறை முழுக்கப் பரவி எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாவிட்டால், எழுந்து போய் ஏதாவது ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிச் செருகுங்கள்.