ஒன்பது மாடி ஏறிய கட்டுரை

"அன்று ஞாயிற்றுக்கிழமை. கதிரவன் தன் பொற்கதிர்களை எங்கும் பரப்பினான். பறவைகள் இனிமையாகக் கூவின."

தொடக்கநிலை 5 மாணவர்களின் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இதே தொடக்கம் வரும். கொடுத்த படத்தில் சாலை விபத்து இருக்கலாம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கீழே கிடந்த பணப்பை இருக்கலாம். முதல் மூன்று வரி மட்டும் மாறாது. துணைப்பாட வகுப்பிலோ மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலோ மனப்பாடம் செய்த வரிகள். அதே பிள்ளை அன்று காலை வகுப்புக்குள் நுழையும்போதே, புளோக்குக்குக் கீழே மரத்தில் குயில் விடாமல் கத்தி, விடிவதற்கு முன்பே தன்னை எழுப்பிவிட்ட கதையை என்னிடம் சொல்லியிருப்பான். கட்டுரைக்குள் அந்தக் குயில் வருவதில்லை. 'பறவைகள்' வந்துவிடுகின்றன.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். பெற்றோர் சந்திப்பில் நான் அதிகம் கேட்டது, "நல்லாத்தான் பேசுறான் டீச்சர், எழுதச் சொன்னா மட்டும் வரமாட்டேங்குது" என்பதுதான். பலர் அதைப் பிள்ளையின் சோம்பல் என்றோ கற்பனை போதவில்லை என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. அதை வாயால் சொல்லிப் பார்க்க நேரம் கொடுக்காமலே எழுதச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 'உக்காந்துட்டாங்க' என்று கேட்டுப் பழகிய பிள்ளை தாளில் 'உட்கார்ந்துவிட்டார்' என்று எழுத வேண்டும். இது வீட்டில் தமிழ் கேட்கிற பிள்ளையின் நிலை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசியவர்கள் 36.7 விழுக்காடு. 2020ல் அது 27.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளை ஆங்கிலத்தில் நினைத்து, அதற்குப் பேச்சுத்தமிழில் சொல் தேடி, பிறகு எழுத்துத்தமிழுக்கு மாற்றுகிறது. மூன்று வேலையையும் ஒரே நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யச் சொன்னால், மனப்பாடக் கதிரவனைப் பிடித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்யும்?

தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு 2005ல் அறிக்கை தந்தபின் நம் வகுப்பறைகளில் பேச்சுத்தமிழுக்கு முறையான இடம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தயங்காமல் உரையாடுவதை இன்று பார்க்கிறோம். அந்தப் பேச்சைக் கட்டுரை வகுப்புக்குள் மட்டும் நாம் போதிய அளவு விடவில்லை என்பது என் கருத்து.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 'மறக்க முடியாத ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அரை மணி நேரத்தில் அவன் எழுதியது இரண்டே வரி: "சென்ற வாரம் எங்கள் மின்தூக்கி பழுதானது. நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்." பக்கத்தில் உட்காரவைத்து, "என்னப்பா ஆச்சு அன்னைக்கு?" என்று கேட்டேன். அவனிடம் கேட்டுக்கொண்டு கைக்கணினியில் பதிவும் செய்தேன். மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசினான். பள்ளி முடிந்ததும் அதை அவன் சொன்னபடியே எழுதி எடுத்தேன். அதில் ஒரு பகுதி:

"லிஃப்ட் ரெண்டுமே ஓடல டீச்சர். பாட்டி தேக்காவுல மீன் வாங்கிட்டு வந்தாங்க. எங்க வீடு ஒம்போதாவது மாடி. மூணாவது மாடியில பாட்டி படியிலேயே உக்காந்துட்டாங்க. நீ மீனக் கொண்டு போய் ஃப்ரிட்ஜுல வை, நான் மெதுவா வரேன்னு சொன்னாங்க. நான் போகல. பையிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு."

'கஷ்டப்பட்டோம்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் மூடிக் கிடந்திருக்கிறது. சொட்டுகிற மீன் பையும் 'நான் போகல' என்பதும் எந்த மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலும் கிடைக்காது.

மறுநாள் அவன் சம்மதத்துடன் அந்த வரிகளை வெண்பலகையில் எழுதினேன். பேச்சுத்தமிழைப் பலகையில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. பிறகு வரி வரியாக எழுத்துத்தமிழுக்கு மாற்றினோம். 'உக்காந்துட்டாங்க' வந்தபோது ஒரு மாணவன் 'அமர்ந்தார்' என்றான். அழகான சொல், மனப்பாடப் பட்டியலில் இருக்கிற சொல். இன்னொரு சிறுமி ஒப்புக்கொள்ளவில்லை. "அமர்ந்தார்னா சும்மா உக்கார்றது. இது முடியாம உக்கார்றது டீச்சர்" என்றாள். 'விடு' என்கிற துணைவினை என்ன வேலை செய்கிறது என்பதைப் பயிற்சித்தாள் வைத்து நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாருக்கும் புரிந்ததாக நினைவில்லை. 'உட்கார்ந்துவிட்டார்' என்றே எழுதினோம். பாட்டி சொன்னதை மட்டும் மேற்கோள் குறிக்குள் பேச்சுத்தமிழிலேயே விட்டோம். தேர்வை நினைத்து அதையும் எழுத்துத்தமிழில் எழுதப் பழக்க வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. நான் முதல் வரைவில் விட்டுவிடுவேன், தேர்வு நெருங்கும்போது மாற்றக் கற்றுக்கொடுப்பேன்.

இந்த முறைக்கு நான் எளிதில் வந்து சேரவில்லை. ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில் உயர்நிலை 1 மாணவி ஒருத்தி தன் தாத்தா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஒற்று விட்ட இடம், ல-ள-ழ மாறிய இடம், ரகரமும் றகரமும் குழம்பிய இடம் எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடியில் 'எழுத்துப்பிழைகளைக் கவனி' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். தாத்தாவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அடுத்த கட்டுரை அரைப் பக்கம்தான். எல்லாம் அவளுக்கு உறுதியாகத் தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒரு பிழைகூட இல்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் அப்படியேதான் எழுதினாள். அந்த நோட்டை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் இப்போது முதல் வாசிப்பில் பேனாவைத் திறப்பதில்லை. படித்து முடித்ததும் எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன்: "மீனை யார் சமைத்தது?", "அப்போது பாட்டியின் முகம் எப்படி இருந்தது?" பிள்ளை அதற்குப் பதில் எழுதினாலே கட்டுரை நான்கு வரி வளர்ந்துவிடும். பிழைகளில் ஒரு கட்டுரைக்கு ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை ரகர றகரம் என்றால் அது மட்டும். மற்றவற்றைப் பார்த்தும் விட்டுவிடப் பழகுவது ஆசிரியருக்குக் கடினம். பெற்றோருக்கு அதைவிடக் கடினம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சொல்வளத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளிடம் எல்லா வேலைக்கும் ஒரே வினைச்சொல் இருக்கிறது, 'பண்ணு'. க்ளீன் பண்ணினேன், ஹெல்ப் பண்ணினேன், குக் பண்ணினாங்க. ஆங்கிலச் சொல்லைப் பிடித்து 'பண்ணு' சேர்த்தால் தமிழாகிவிடுகிறது. இதைத் திட்டிப் பயனில்லை, வேறு சொல் கைவசம் இல்லாததால்தான் அப்படிப் பேசுகிறார்கள். நான் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை 'பண்ணு இல்லாத நாள்' வைக்கிறேன். முந்தைய வார இறுதியில் உணவங்காடி நிலையத்துக்குப் போகிறவர்கள் பரோட்டாக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று, கடைக்காரரின் கைகளை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் அதைச் செய்துகாட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் "பரோட்டா பண்ணினார்" என்றுதான் வரும். "கை என்ன செய்தது?" என்று கேட்கக் கேட்க உருண்டையை எடுத்தார், எண்ணெயில் புரட்டினார், உள்ளங்கையால் தட்டினார், வீசினார், விரித்தார், மடித்தார், கல்லில் போட்டார், திருப்பினார், கடைசியில் இரண்டு கையாலும் அடித்து நொறுக்கினார் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். சில சொற்கள் அவர்களிடமே இருக்கின்றன, சிலவற்றை நான் கொடுக்கிறேன். கை அசைவோடு சேர்ந்து வந்த சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை. சில மாதம் கழித்து விபத்துப் படம் ஒன்றுக்கு ஒரு மாணவன், "அவர் குடையை மடித்துக்கொண்டே ஓடினார்" என்று எழுதியிருந்தான். அந்த 'மடித்து' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டுவதையும் விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம். ஆங்கில வழியில் நினைக்கிற பிள்ளை, "பாட்டி பையை வைத்தார் மற்றும் படியில் உட்கார்ந்தார்" என்று எழுதும். தமிழுக்கு அங்கே 'மற்றும்' தேவையே இல்லை, வினையெச்சம் இருக்கிறது. 'பாட்டி பையைக் கீழே வைத்தார்', 'பாட்டிக்கு மூச்சு வாங்கியது', 'பாட்டி படியில் உட்கார்ந்தார்' என்று மூன்று அட்டைகளை இருவர் இருவராகக் கொடுத்து ஒரே வாக்கியமாக்கச் சொல்வேன். "பையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி பாட்டி படியில் உட்கார்ந்தார்" என்று ஒரு குழு. "மூச்சு வாங்கியதால்" என்று இன்னொரு குழு. எது பொருத்தம் என்று அவர்களே வாதாடுவார்கள். அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்களுக்கு எழுதக் கற்பிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வெளியிட்டார்கள். அதில் பயன் தரும் முறைகளில் ஒன்றாக வாக்கியங்களைச் சேர்த்தெழுதும் பயிற்சி இருந்தது. இலக்கணத்தைத் தனியே பிரித்து நடத்துவது எழுத்தை மேம்படுத்தவில்லை என்றும் சொன்னார்கள். ஆங்கில எழுத்தைப் பற்றிய ஆய்வு என்பதால் நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். என் வகுப்பில் கண்டது அதற்கு ஒத்துப்போகிறது.

தேர்வு என்னாகும் என்ற கவலை பெற்றோருக்கு வரும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குத் தேவையான நேரப் பயிற்சியும் உதவிச்சொற்களைப் பயன்படுத்தும் பயிற்சியும் நானும் கொடுக்கிறேன், தொடக்கநிலை 6ல். சொல்ல விஷயமும் வினைச்சொற்களும் கையில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பயிற்சி சில வாரங்களில் பிடிபடுகிறது.

வீட்டில் செய்ய ஒன்று உண்டு. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்கும் காசுக்கு எதுவும் வாங்க வேண்டாம். இங்கேயோ ஊரிலோ இருக்கிற பாட்டிக்கு, பெரியப்பாவுக்கு, அத்தைக்கு வாரம் ஒரு குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள், தமிழில், ஒரு நிமிடம். அனுப்பியபின் தான் பேசியதையே கேட்டுக் கேட்டு அவன் நோட்டில் எழுதட்டும். பிழை பார்க்காதீர்கள். தமிழ் அதிகம் பேசாத வீடுகளிலும் இது நடக்கிறது, ஏனென்றால் கேட்க ஓர் ஆள் காத்திருக்கிறார்.

படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு எழுதுகிறவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1935ல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதிக்கு இடம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் இங்கே எழுத்தாளர்களாக அறியப்பட்டார்கள். தன் பெயரை அச்சில் பார்ப்பதற்காக ஒரு மாணவர் எத்தனை முறை திருத்தி எழுதியிருப்பார்! இன்று நம் பிள்ளை எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார், அதுவும் மதிப்பெண் போட. வகுப்புக்கு வெளியே உள்ள சுவரில் ஒரு பலகை போதும். சொந்தத் தம்பி தங்கைக்காகத் தொடக்கநிலை 1 வகுப்பில் வாசித்துக்காட்டலாம். உயர்நிலைப் பள்ளியில் நான் மாணவர்களை அவர்கள் படித்த தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்குக் கடிதம் எழுதவைத்தேன். பதில் வந்த அன்று வகுப்பில் இருந்த அமைதியை வேறெந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

மின்தூக்கிப் பையன் தன் கட்டுரையை ஒன்றேகால் பக்கத்துக்கு எழுதி முடித்தான். அதைப் பாட்டிக்கு வாசித்துக்காட்டச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் முதல் பாடம் தொடங்கும் முன்பே ஆசிரியர் அறை வாசலில் நோட்டுடன் நின்றான்.

"டீச்சர், பாட்டி சொன்னாங்க, மூணாவது மாடி இல்லையாம். நாலாவது மாடியாம். அந்த மாடியில செருப்பு அலமாரி இருந்துச்சாம், அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்தாங்களாம்."

"சரி, அதுக்கு என்ன செய்யப்போற?"

"திரும்ப எழுதணும். பேனா தாங்க."