கலங்கல் நீரில் நாரை மீன் பிடிப்பது எப்படி?

ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டை கண்மாய் 2025-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தை மாதக் காலையில் அங்கே தண்ணீர் கலங்கிக் கிடக்கும். ஒரு சாண் ஆழத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதில்தான் மஞ்சள் மூக்கு நாரை சளைக்காமல் மீன் பிடிக்கிறது. அதற்குப் பார்வை தேவையில்லை, தொடுவுணர்வு போதும்.

ஒரு நாரையை மட்டும் ஐந்து நிமிடம் விடாமல் கவனியுங்கள். அலகைச் சற்றே திறந்து நீருக்குள் அமிழ்த்தி, துழாவியபடி மெல்ல நடக்கும். ஒரு கால் சேற்றைக் கிளறும். மிரண்டு ஓடும் மீன் அலகில் உரசியதுமே அலகு மூடிக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையில் 1960-களில் அளந்தார்கள்: ஒரு விநாடியில் 40-ல் ஒரு பங்கு! நாம் கண் இமைக்க இதைவிடப் பல மடங்கு நேரமாகும்.

தொட்டு இரை தேடும் பறவைகள் இன்னும் உண்டு. அரிவாள் மூக்கனின் அலகு நுனியில் நுண்குழிகளும் நரம்பு முனைகளும் உண்டு. சேற்றுக்குள் நெளியும் புழுவை அவை உணர்ந்துவிடும். கரண்டிவாயன் அலகை நீரில் வைத்துத் தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். நத்தைகுத்தி நாரை கீழலகு நுனியை நத்தைக்குள் நுழைத்துத் தசையை அறுத்து உருவிவிடும். அதனால்தான் கரையில் உடையாத வெற்று ஓடுகள் கிடக்கின்றன. கொக்கும் சாம்பல் நாரையும் மட்டும் கண்ணை நம்பி அசையாமல் நிற்பவை.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். மடக்கியிருந்தால் கொக்கினம், நீட்டியிருந்தால் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். (சாம்பல் நாரை பெயரில்தான் நாரை, இனத்தால் அதுவும் கொக்கே.) தூங்கும் கரண்டிவாயன் அலகைச் சிறகில் செருகிக்கொள்வதால் கொக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். தலையைத் தூக்கும்வரை காத்திருந்து எண்ணுங்கள்.

8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். விடிந்ததும் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். வெயில் ஏறினால் கானல் ஆடி, அலகின் வளைவே தெரியாது. தனுஷ்கோடி மணல்வெளியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கூடுள்ள கருவேல மரங்களை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் தூக்கிவிடும்.

தொட்டுப் பிடிக்கும் பறவைக்கு மீன் நெருக்கமாக இருந்தாக வேண்டும். கண்மாய் வற்ற வற்ற மீன்கள் பள்ளங்களில் ஒதுங்கும். குஞ்சுக்கு இரை தாராளமாகக் கிடைக்கும். மாசியில் மடையோரப் பள்ளங்களில் தேடுங்கள், நாரைக்கூட்டம் அங்கேதான் நிற்கும்.