கரிப் படலத்தில் அருமண் அயனிகள் எப்படி ஒட்டுகின்றன?

நியோடிமியம் என்ற அருமண் உலோகத்தின் உப்பு கொஞ்சம் கரைந்த நீரில், ஆக்சிஜன் ஏறிய கார்பன் தாள்களாலான கிராஃபீன் ஆக்சைடு படலம் ஒன்றைப் போட்டு வைத்தால், நேரம் ஆக ஆக நீரில் நியோடிமியம் குறைந்துகொண்டே வரும். அதன் அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட அணுக்கள், படலத்தில் ஒட்டிவிட்டன. கார்பன் பிடித்துக்கொண்டது என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் பிடிப்பது கார்பன் அல்ல, அதன்மேல் இருக்கும் ஆக்சிஜன்.

ஓர் அணு தடிமனே உள்ள தூய கார்பன் தாளான கிராஃபீனில் உலோக அயனி பற்றிக்கொள்ள இடமே இல்லை என்று சொல்லலாம். அதனால் இத்தகைய தாள்கள் அடுக்கடுக்காக உள்ள கிராஃபைட்டைக் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவற்றோடு வினைபுரிய விடுகிறார்கள். 1958இல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் வெளியிட்ட முறைதான் இன்றும் பல மாற்றங்களோடு புழக்கத்தில் இருக்கிறது. இந்த வினையில் தாளின் ஓரங்களில் கார்பாக்சில் தொகுதிகளும், பரப்பின்மேல் ஹைட்ராக்சில், எபாக்சி தொகுதிகளும் முளைக்கின்றன; இவை எல்லாமே ஆக்சிஜன் கொண்ட அணுக்கூட்டங்கள். இப்படிக் கிடைத்த தாள்களை நீரில் கலக்கி வடிகட்டினால், அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மெல்லிய படலமாகின்றன. உலர்ந்த நிலையில் தாள்களுக்கிடையே சுமார் 0.8 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். நனைந்தால் அது ஒரு நானோமீட்டரைத் தாண்டும்.

சரி, அயனியின் பக்கம் வருவோம். அருமண் உலோகங்கள் மொத்தம் 17. நீரில் கரைந்தால் அநேகமாக எல்லாமே மூன்று நேர்மின்சுமையோடு இருக்கும். இவற்றுக்கு ஆக்சிஜன்மீது ஈர்ப்பு அதிகம். ஆனால் நீரிலும் ஆக்சிஜன் இருக்கிறதே! லாந்தனம் போன்ற பெரிய அயனிகளை ஒன்பது நீர் மூலக்கூறுகளும், லுட்டீஷியம் போன்ற சிறியவற்றை எட்டு மூலக்கூறுகளும் கவசம்போல் சூழ்ந்திருக்கின்றன. ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெற்ற கார்பாக்சில் தொகுதி (கார்பாக்சிலேட்டு) இந்த அயனியை அருகே இழுக்கும். அப்புறம் இரண்டில் ஒன்று நடக்கலாம். அயனி கவசத்தைக் கழற்றாமல் பக்கத்திலேயே நின்றுவிடலாம். அந்தப் பிடி தளர்வானது. அல்லது சில நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டுப் படலத்தின் ஆக்சிஜனோடு நேரடியாகப் பிணையலாம்.

உதறுவதற்கு ஆற்றல் செலவாகும். இருந்தும் அது நடக்கிறது, ஏனென்றால் விடுபட்ட நீர் மூலக்கூறுகள் தம் போக்கில் அலையத் தொடங்குவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. பல சோதனைகளில் வெப்பநிலையை உயர்த்தினால் ஒட்டும் அளவும் உயர்வது இதனால்தான். வாயுக்கள் பரப்பில் ஒட்டும்போது பொதுவாக நடப்பதற்கு இது நேர்மாறு.

இந்த விளையாட்டின் கடிவாளம், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவின் கையில் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). பி.எச். 2 அளவிலான அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் தம் ஹைட்ரஜனை விடாது, அதனால் அயனிக்குப் பெரிதாக இடமில்லை. பி.எச். 4, 5 என ஏறும்போது ஹைட்ரஜன் விலகி எதிர்மின்சுமை தோன்றுகிறது, ஒட்டுதல் விறுவிறுவென்று கூடுகிறது. இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் சிக்கல்: நடுநிலையைத் தாண்டியதும் அருமண் உலோகம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். நீரிலிருந்து உலோகம் மறைந்தது உண்மை, ஆனால் படலத்தில் ஒட்டியதால் அல்ல. உயர்ந்த பி.எச். அளவில் பிரமாதமான எண்களைக் காட்டும் ஆய்வுகளை இந்த ஒரு காரணத்துக்காகவே கொஞ்சம் உஷாராகப் படிக்க வேண்டும். அமிலத்தில் பிடி விடுவதில் நல்லதும் உண்டு. நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகம் திரும்பக் கிடைக்கும், படலத்தை மறுபடி பயன்படுத்தலாம்.

அயனி கவசத்தைக் கழற்றியதா என்று எப்படித் தெரியும்? யூரோப்பியம் என்ற அருமண் உலோகம் இதற்கு வசதியான உளவாளி. நீரில் அதன் சிவப்பு ஒளிர்வு சுமார் 110 மைக்ரோநொடியில் தணியும்; சூழ்ந்த நீர் குறையக் குறைய ஒளிர்வு நீடிக்கும். களிமண் பரப்புகளில் இந்த உத்தி அழகாக வேலை செய்கிறது. கிராஃபீன் வகைப் பொருள்கள் ஒளிர்வையே விழுங்கிவிடுவதால், அங்கே எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலைதான் கைகொடுக்கும். உலோகத்தைச் சுற்றி எத்தனை ஆக்சிஜன், எவ்வளவு தூரத்தில் என்பதை அது காட்டும்.

பொடியாகப் போட்டால் அயனிகள் சீக்கிரம் ஒட்டும், ஆனால் பொடியை நீரிலிருந்து பிரிப்பது தொல்லை. படலத்தை எடுப்பது சுலபம். அதற்கு விலை நேரம்: வெளிப்புற இடங்கள் முதலில் நிரம்ப, மற்ற அயனிகள் தாள்களின் இடுக்கில் மெல்ல ஊர்ந்து உள்ளே போக வேண்டும். மூன்று மின்சுமை கொண்ட அயனி பக்கத்துப் பக்கத்துத் தாள்களைச் சேர்த்துக் கட்டவும் செய்யும், அதனால் படலம் நீரில் பிரிந்துபோகாமல் தாங்கும்.

ஒட்டும் இடங்களுக்காக நீரிலுள்ள மற்ற அயனிகளும் போட்டியிடும். அதில் சோடியம் எளிதில் தோற்றுவிடும். சுரங்கக் கழிவுநீரில் இரும்பும் அலுமினியமும் அப்படியல்ல. மூன்று மின்சுமையோடு, மிக அதிக அளவில் அதே இடங்களுக்கு வந்து நிற்கும். அருமண் உலோகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது அதைவிடக் கடினம். பிரசியோடிமியம், நியோடிமியம் அயனிகளின் ஆர வேறுபாடு ஒன்றிரண்டு பிக்கோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்). சிறிய அயனி படலத்தின் ஆக்சிஜனைக் கூடுதலாக இழுக்கும், ஆனால் தன் நீர்க்கவசத்தையும் கூடுதலாகவே இறுக்கிப் பிடித்திருக்கும். ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடுகிறது. அதனால் இத்தகைய படலம் நீர்த்த கரைசலிலிருந்து உலோகங்களைத் திரட்டித் தருவதற்கே அதிகம் பொருந்தும். தனித்தனியாகப் பிரிக்கத் தொழிற்சாலைகள் இன்றும் நீரோடு கலக்காத கரைப்பானுக்கு உலோகத்தை மாற்றும் கரைப்பான் பிரித்தெடுப்பைத்தான் கட்டம் கட்டமாகச் செய்கின்றன. நல்லவேளையாக, காந்தத் தயாரிப்பில் பிரசியோடிமியத்தையும் நியோடிமியத்தையும் பிரிக்காமல் கலவையாகவே பயன்படுத்துவது வழக்கம்.