பிராவோவுக்குள் நுழைய எந்த வார்த்தை வேண்டும்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், அட்லாண்டா, சிகாகோ மாதிரி நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளிக்கு கிளாஸ் பி என்று பெயர், விமானிகள் பேச்சில் பிராவோ. நிலையத்துக்கு நேர் மேலே அது தரையிலிருந்தே தொடங்கும், விலகிப் போகப் போக அதன் அடிமட்டம் படிப்படியாக உயரும், உச்சி பொதுவாக 10,000 அடி.

சின்ன விமானத்தில் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர் இதில் நுழைய, கன்ட்ரோலர் (தரையிலிருந்து விமானப் போக்குவரத்தை நடத்துகிறவர்) "பிராவோவுக்குள் வர அனுமதி" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். "ரேடாரில் தெரிகிறீர்கள்" என்பது அனுமதி இல்லை. அரை மணி நேரமாக அவரோடுதான் பேசிக்கொண்டு வருகிறீர்கள், அவர் சொன்ன திசையில்தான் திரும்பினீர்கள் என்றாலும் அந்த வார்த்தை வரவில்லையென்றால் நுழையக் கூடாது. சந்தேகமா, கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை வெளியே வட்டமடியுங்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நெரிசல் குறைந்த கிளாஸ் சி, டி இரண்டிலும் விதி வேறு. அங்கே இருவழிப் பேச்சு ஏற்பட்டாலே போதும். கன்ட்ரோலர் உங்கள் கால் சைனை, அதாவது ரேடியோவில் உங்கள் விமானத்தை அழைக்கும் பெயரை, சொல்லி "காத்திருங்கள்" என்றால்கூட உள்ளே போகலாம். ஆனால் "கூப்பிட்ட விமானம், காத்திருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போக முடியாது, கால் சைன் வரவில்லையே! அந்தப் பழக்கத்தோடு பிராவோவுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் கருவிகள். பிராவோவின் முக்கிய நிலையத்திலிருந்து 30 கடல் மைல் தூரத்துக்குள், 10,000 அடி வரை, ரேடாருக்குப் பதில் சிக்னலில் உயரத்தையும் சேர்த்து அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும், 2020 ஜனவரியிலிருந்து விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவியும் வேண்டும். பிராவோவுக்கு அடியில் ஒதுங்கிப் போகிறவருக்கும் இது பொருந்தும். பலூன், கிளைடர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸில், அனுமதியில்லாமல் இந்த வான்வெளிக்குள் வந்துவிட்ட ஒரு சின்ன பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானமும் மோதி, தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாத வகை.

வேக விதி கொஞ்சம் விசித்திரம்: பிராவோவுக்குள் 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வரை போகலாம், அதன் அடியில் பறந்தால் 200தான். உள்ளே எல்லாரும் கன்ட்ரோலர் கையில் இருக்கிறார்கள், அடியில் அப்படி இல்லை. மேகத்திலிருந்து விலகிப் பறக்கும் விதிக்கும் அதே காரணம்தான், உள்ளே 3 மைல் பார்வையும் மேகத்தைத் தொடாமலிருப்பதும் போதும்.

பயிற்சி விமானி தனியாகப் போக, அந்தக் குறிப்பிட்ட வான்வெளிக்கே பயிற்றுநர் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அது 90 நாளுக்குள் இருக்க வேண்டும்.

சரி, தெரியாமல் நுழைந்துவிட்டீர்கள். உரிமம் இடைநிறுத்தப்படலாம். நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாளுக்குள் எழுதிப் போட்டுவிட்டால், வேண்டுமென்று செய்யாத தவறுக்குப் பொதுவாகத் தண்டனை விலகும். தவறு பதிவில் மட்டும் நிற்கும்.