பேஸ் கசியும் இடம்

காதுமடலின் மேல் அமரும் ஆன்-இயர் வகையில் விலை குறைவான ஹெட்போனை முதல்முறை மாட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். பேஸே (ஒலியின் தாழ்ந்த, கனமான பகுதி) இல்லை, ஒலி சன்னமாக வறண்டு கிடக்கிறது என்பது ஒன்று. பேஸ் மட்டும்தான் இருக்கிறது, குரல் அமுங்கிப்போகிறது என்பது இன்னொன்று. ஒரே மாடலைப் பற்றி இரண்டு பேர் இப்படி எதிரெதிராகச் சொல்வதும் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஹெட்போனின் மெத்தைக்கும் காதுமடலுக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதோடு சேர்ந்து ஒலியும் மாறுகிறது. ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறப்பதற்கு முன்னால் அந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிமீட்டர் விட்டம். அதன் பின்புறம் ஒட்டிய நுண்ணிய செம்புக் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டின் மின் அலை சுருளில் ஓடும்போது சுருள் முன்னும் பின்னும் நகர்கிறது. சவ்வும் கூடவே நகர்ந்து காற்றைத் தள்ளுகிறது. டிரைவர் என்று சொல்வது இதைத்தான். 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகு, சின்ன இடத்தில் வலுவான காந்தப்புலம் கிடைப்பது எளிதாகிவிட்டது. ஆகவே ஓரளவு நல்ல டிரைவர் இன்றைக்கு அரிய பொருள் கிடையாது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைக் காட்டும் வளைவுக்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. விலை கூடும்போது கட்டுமானம், மெத்தை, வசதி, இடது வலது டிரைவர்களின் ஒற்றுமை எல்லாம் மேம்படலாம். ஆனால் ஒலியின் சமநிலை தானாக மேம்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. விலை குறைவான ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் ஈக்வலைசர் திருத்துவது இந்தச் சமநிலையைத்தான்.

சரி, அந்த இடைவெளிக்கு வருவோம்.

அறையில் வைத்த ஸ்பீக்கர் பேஸைத் தருவதற்குப் பெரிய அளவில் காற்றைத் தள்ள வேண்டும். ஹெட்போனின் நிலைமை வேறு. மெத்தை காதோடு ஒட்டி மூடியிருந்தால், சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கிய காற்று ஒரு சின்ன அறை. சவ்வு கொஞ்சம் உள்ளே வந்தாலே அந்த அறையின் அழுத்தம் கூடும், பின்னால் போனால் குறையும். சவ்வு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு அழுத்தம்; எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் கணக்கு மாறாது. கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றே பெரிய ஒரு சவ்வால் 30 ஹெர்ட்ஸ் வரை ஆழமான பேஸ் தர முடிவது இதனால்தான்.

இப்போது மெத்தையின் ஓரத்தில் ஒரு சின்னத் திறப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 ஹெர்ட்ஸ் அலையில் சவ்வு ஒருபக்கம் போய்த் திரும்ப ஏறக்குறைய 17 மில்லி விநாடி எடுக்கிறது. அந்த நேரத்துக்குள் காற்று திறப்பு வழியே நிதானமாக வெளியேறிவிடும். அழுத்தம் சேராது. 3000 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த நேரத்தில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. திறப்பில் நிற்கும் காற்று தன் நிலைமத்தால் அசைய மறுக்கிறது. ஆகவே மேல் அதிர்வெண்கள் தப்பிக்கின்றன, கீழ் அதிர்வெண்கள் மட்டும் கசிந்துபோகின்றன. கசிவு எவ்வளவு பெரிதோ, பேஸ் இறங்கத் தொடங்கும் புள்ளியும் அவ்வளவு மேலே ஏறுகிறது.

ஓவர்-இயர் ஹெட்போனின் மெத்தை காதைச் சுற்றி, மண்டையின் ஓரளவு தட்டையான தோலில் அமர்கிறது. இன்-இயர் காதுத்துளையையே அடைத்துக்கொள்கிறது. ஆன்-இயருக்குக் கிடைப்பது மேடும் மடிப்புமான காதுமடல். மனித உடலில் மூடி போடுவதற்கு இவ்வளவு சிரமமான பரப்பு வேறு எதுவும் இருக்காது! மடலின் அளவு, அது தலையிலிருந்து விலகி நிற்கும் கோணம், மூக்குக் கண்ணாடியின் காம்பு, இடையில் மாட்டிய முடி, தோடு எல்லாமே கசிவைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஹெட்போன் இரண்டு தலைகளில் இரண்டு விதமாக ஒலிப்பதன் முதன்மைக் காரணம் இதுவே.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பேஸ் கிட்டார் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, காதை மூடும் இரண்டு கப்களையும் விரல்களால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் சட்டென்று நிறைந்து வந்தால் குறை டிரைவரில் இல்லை, கசிவில் இருக்கிறது. அப்படியே அரை சென்டிமீட்டர் முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்த்திப் பாருங்கள். டிரைவரின் மையம் காதுத்துளைக்கு நேராக வரும் இடத்தில் குரலும் தெளிவாகும். தலைப்பட்டையின் நீளத்தை ஒரு படி கூட்டுவதோ குறைப்பதோ பல சமயம் எந்த ஈக்வலைசரையும்விட அதிகம் உதவும். மெத்தை தேய்ந்து, உள்ளிருக்கும் நுரை தட்டையாகிப் போயிருந்தால் அதை மாற்றிவிடலாம். ஆனால் மெத்தையின் தடிமனும் பொருளும் ஒலியின் பகுதிதான். பழைய மெத்தையைப் போன்றதையே வாங்கிப் போடுவது நல்லது.

அழுத்தினாலும் மாற்றமே இல்லை என்றால், ஹெட்போன் திறந்த அமைப்பு கொண்டதாக இருக்கலாம். நுரை மெத்தையோடு வரும் இலகுவான மாடல்கள் அப்படிப்பட்டவை. 1979இல் வந்த சோனி வாக்மேனோடு வந்த ஹெட்போனும், 1984இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோவும் இந்த வகை. இவற்றில் காற்று உட்புகுந்து வெளியேறுவது வடிவமைப்பிலேயே உள்ளது. ஆழமான பேஸ் குறைவாக இருக்கும், ஆனால் தலைக்கு வெளியே ஒலி விரிவதைப் போன்ற இதமான உணர்வு கிடைக்கும்.

பேஸ் கசிந்தாலும் பேஸ் கிட்டாரின் மெட்டு காதில் கேட்கிறதே, அது எப்படி? பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. 41 முழுக்கத் தொலைந்துபோனாலும், மற்றவற்றின் இடைவெளியை வைத்து மூளை அந்த அடிப்படைச் சுருதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. சுருதி கிடைக்கும், ஆனால் மார்பில் உணரும் கனம் கிடைக்காது. சின்ன ஹெட்போனில் 41 ஹெர்ட்ஸை வலுக்கட்டாயமாக ஏற்றுவதைவிட, 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை அளவாக ஏற்றுவது பலன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி ஈக்வலைசர். அது செய்வது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட அதிர்வெண்களை உரக்கவோ மெதுவாகவோ ஆக்குவது. போனில் சாதாரணமாக வரும் ஐந்து ஸ்லைடர் வகையில் இடங்கள் நிலையானவை. ஆண்ட்ராய்டில் பரவலாகக் காணும் அமைப்பு 60, 230, 910, 3600, 14000 ஹெர்ட்ஸ். இதில் 3600க்கும் 14000க்கும் நடுவே எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் காதில் குத்துவது ஏறக்குறைய 5000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அங்கே கைவைக்க ஐந்து ஸ்லைடரில் வழியே இல்லை. 3600ஐ இறக்கினால் குத்தல் கொஞ்சம் குறையும், குரலின் தெளிவும் சேர்ந்து போய்விடும்.

இதற்குத் தீர்வு பாராமெட்ரிக் ஈக்வலைசர். ஒலிப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் 1972இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இதில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று எண்கள்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். அகலத்தைக் குறிக்கும் எண்ணை க்யூ என்பார்கள். க்யூ கூடினால் திருத்தம் குறுகும். 6500 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான மேடு இருந்தால், அதே இடத்தில் 4 டெசிபல் குறைத்து, க்யூவை 3 என்று வைத்தால் அந்த மேடு மட்டும் அமுங்கும். ஹெட்போனின் வளைவு ஏறி இறங்கும் இடங்களில் ஒலியின் நேர ஒழுங்கும் சேர்ந்தே சற்றுக் குலைகிறது. மேட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருத்தம் பெரும்பாலும் இரண்டையும் ஒருசேரச் சீராக்கிவிடும். ஹெட்போனுக்கு ஈக்வலைசர் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு அறிவியல் காரணம் இதுதான்.

ஆனால் ஏற்றுவதற்கு விலை உண்டு. 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு மின்திறன் தேவை. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, சவ்வும் மூன்று மடங்குக்கு மேல் நகர வேண்டும். சின்ன டிரைவரின் சவ்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பேஸ் உறுமலாகவும் கரகரப்பாகவும் மாறும். கசிவு உள்ள ஹெட்போனில் பேஸை ஏற்றும்போது இது இன்னும் மோசமாகும், ஏற்றிய காற்றும் அதே ஓட்டை வழியே போகிறதே! இன்னொரு எல்லை டிஜிட்டல் பக்கம். பதிவிலேயே உச்சத்தைத் தொட்டு நிற்கும் பாட்டில் ஒரு பகுதியை 5 டெசிபல் ஏற்றினால் அலையின் முனை வெட்டுப்படும். அதனால் ஈக்வலைசரில் மொத்த ஒலியளவை மாற்றும் ப்ரீஆம்ப் என்று உள்ள இடத்தில் முதலில் 5 டெசிபலைக் குறைத்துவிட வேண்டும். அதிகபட்சமாக எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு கழிப்பது பாதுகாப்பான வழி. துருத்திக்கொண்டு நிற்பதை இறக்குவது இதையெல்லாம்விட எளிது. பேஸ் அதிகமான ஹெட்போனில் குரல் அமுங்கினால், குரலை ஏற்ற வேண்டாம். 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்குங்கள், குரல் தானாக முன்னே வரும்.

எந்த வளைவை நோக்கித் திருத்துவது? நேர்கோடு என்று தோன்றும், ஆனால் அது சரியில்லை. நம் காதுத்துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒருமுனை மூடிய குழாய். அது 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து, காதுமடலின் குழிவோடு சேர்ந்து அந்தப் பகுதியை 10 டெசிபலுக்கும் மேல் உயர்த்துகிறது. பிறந்ததிலிருந்து உலகத்தை அப்படியேதான் கேட்டு வருகிறோம். ஆகவே நல்ல ஹெட்போனும் செவிப்பறையில் அந்த உயர்வைத் தர வேண்டும். தராவிட்டால் குரல் தொலைவில் நிற்கும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலானோர் 2010களில் பலரைக் கேட்கவைத்து, பெரும்பாலானோருக்குப் பிடித்த வளைவு ஒன்றை உருவாக்கினார்கள். கீழே பேஸில் சில டெசிபல் ஏற்றம், 3000 பக்கம் ஒரு மேடு, அதற்கு மேல் மெல்ல இறக்கம் என்பது அதன் பொதுவான வடிவம்.

ஆட்டோ-ஈக்யூ போன்ற திட்டங்கள் அளவீட்டையும் இத்தகைய வளைவையும் ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் தயார் நிலையில் திருத்தங்களைத் தருகின்றன. கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த அளவீடு ஒரு செயற்கைக் காதின் மேல் எடுத்தது. ஆன்-இயரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்கள் காதின் கசிவு வேறு. 8000க்கு மேலே அலைநீளம் ஏறக்குறைய 4.3 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால், ஹெட்போன் லேசாக நகர்ந்தாலே வளைவு மாறிவிடும். நடுப்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டு ஓரங்களையும் உங்கள் காதை வைத்து முடிவு செய்யுங்கள். ‘ராக்’, ‘ஜாஸ்’ என்று போனில் வரும் தயார் அமைப்புகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவற்றுக்கு உங்கள் ஹெட்போன் எது என்றே தெரியாது.

காதை வைத்து மேடுகளைக் கண்டுபிடிக்க, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்குச் சீராக ஏறும் ஒற்றைத் தொனியை ஓடவிடலாம். ஒலியளவு நன்றாகக் குறைவாக இருக்கட்டும். 2000 முதல் 4000 வரை படிப்படியாக உரக்கக் கேட்பது இயல்பு, அது காதின் கூருணர்வு, தொடாதீர்கள். ஏதோ ஓர் எண்ணில் சட்டென்று எகிறி உடனே அடங்கினால் அது ஹெட்போனின் மேடு, இறக்க வேண்டிய இடம். குறுகிய பள்ளம் கேட்டால் விட்டுவிடுங்கள். நேராக வரும் ஒலியும் கப்பின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும்போது அத்தகைய பள்ளம் விழுகிறது. அங்கே ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறி, மறுபடியும் அழிந்துகொள்ளும்.

அப்புறம் ஒப்பிடும் முறை. இரண்டு அமைப்புகளில் சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ, அதுதான் காதுக்கு நன்றாகத் தோன்றும். ஆகவே ஈக்வலைசரைப் போட்டும் அணைத்தும் பார்க்கும்போது இரண்டின் ஒலியளவையும் ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள். எந்த ஒலியளவில் வழக்கமாகக் கேட்பீர்களோ அதே அளவில் திருத்துவதும் முக்கியம். ஒலி குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்கள் காதுக்கு வேகமாக மங்குகின்றன என்பதை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மெதுவான ஒலியில் பேஸைச் சரிசெய்துவிட்டு உரக்க வைத்தால் பேஸ் மிஞ்சிப்போகும். அந்த வழக்கமான அளவு எதுவாக இருக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு வரம்பு சொல்கிறது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அளவு 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது.

புளூடூத் மாடல் என்றால் கடைசியாக ஒன்றைப் பாருங்கள். ஹெட்போனின் சொந்த ஆப்பில் செய்யும் திருத்தம் பெரும்பாலும் ஹெட்போனுக்குள்ளேயே நடக்கிறது. போனின் ஈக்வலைசர் போனில் நடக்கிறது. இரண்டும் போட்டிருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அதனால் ஒன்றை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் வயரைச் செருகியதும் உள்ளே நடக்கும் திருத்தம் முழுக்க நின்று, டிரைவரின் இயல்பான ஒலி வெளியே வரும். அப்படிப்பட்ட ஹெட்போனுக்கு வயரில் ஒன்று, புளூடூத்தில் ஒன்று என இரண்டு அமைப்புகளைத் தனித்தனியே சேமித்து வைக்க வேண்டியிருக்கும்.