முகாம் பையைப் பிள்ளையே கட்டட்டும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சாரணர் படை நடத்துகிறேன். பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: முகாமுக்குப் போகும் பையை நீங்கள் கட்டித் தராதீர்கள். அம்மா கட்டிய பையில் எல்லாம் இருக்கும், ஆனால் எது எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. ராத்திரி டார்ச்சைத் தேடி மொத்தத் துணியையும் மண்ணில் கொட்டும். பட்டியலை அதன் கையில் கொடுங்கள். எடுத்துவைத்து முடித்த பிறகு ஒரு தடவை சரிபாருங்கள், போதும்.

இந்த இயக்கம் தொடங்கியதே அப்படித்தான். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்திய, சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல், வந்த பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு பையனிடமே ஒப்படைத்தார். இன்றைக்கும் 6 முதல் 8 பேர் உள்ள அணியை அவர்களில் ஒருவர்தான் நடத்துகிறார். சோறு குழைந்தால் அன்றைக்குக் குழைந்த சோறுதான். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணி வந்து இறங்கினால், அடுப்பூதிச் சமைத்த பிள்ளைகளின் முகம் வாடிப்போகிறது. பாசத்தில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

அதற்காக வீட்டார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மறைத்து அனுப்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. உடல்நலப் படிவத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் பிள்ளைக்கு வீசிங் இருக்கும், இல்லையென்றால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, வலிப்புக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ, நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். சொன்னால்தான் இன்ஹேலர் யார் கையில், மாத்திரை எத்தனை மணிக்கு, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று நாங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். 2025-ல் மணப்பாறையில் நடந்த ஜாம்பூரி என்ற பெரிய சாரணர் முகாம் மாதிரி ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடுகிற இடமென்றால் இது இன்னும் முக்கியம்.

தூக்கத்தில் சிறுநீர் போவதையும் மறைக்கிறார்கள். 10, 11 வயதிலும் சில பிள்ளைகளுக்கு இது இருக்கும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, சோம்பலும் இல்லை. என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள். படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்பி, நடு ராத்திரியில் ஒரு தடவை எழுப்பிவிட்டு, மாற்றுத்துணியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் அனுப்பினால் அந்தப் பிள்ளை பயத்தில் விடிய விடியக் கண் மூடாது. திட்டி அனுப்புவது அதைவிடக் கொடுமை.

பாதுகாப்பு பற்றி என்னைக் கேள்வி கேளுங்கள். முகாமில் குறைந்தது இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்து இருக்கக் கூடாது. சாரணியர் வந்தால் பெண் பொறுப்பாளர் கட்டாயம். ஊரணியில் இறங்குவதாக இருந்தால் நீச்சல் தெரிந்தவர்கள் கரையில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற பொறுப்பாளரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். 'சார் சொன்னபடி கேள்' என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், 'உனக்குப் பிடிக்காத மாதிரி யார் நடந்தாலும் எங்களிடம் சொல்' என்றும் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

அப்புறம், நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார், பிள்ளை ஐயாவிடமும் அப்பத்தாவிடமும் வளரும். பெற்றோர் கூட்டம் என்றால் அந்தப் பெரியவர்கள் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உங்களைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனையோலையில் கொட்டான் முடையத் தெரிந்த அப்பத்தா ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் எங்கள் குருளையர், அதாவது படையின் சின்னப் பிள்ளைகள், வட்டம் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். கொத்தனார், நர்ஸ், எலக்ட்ரீஷியன் என்று எந்த வேலை தெரிந்தவரும் வரலாம். என்ன சொல்லித்தர முடியும், எந்தக் கிழமை தோதுப்படும் என்று பிள்ளையிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.