சக்கரம் சொல்வதை நம்பலாமா?

காரைக்குடியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "வயலிலும் காட்டிலும் தானாக ஓடும் ரோபோக்களை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நாள் முழுக்க என்ன சார் வேலை? கோடிங் மட்டும்தானா?"

படிப்பு விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல், இஇஇ, கம்ப்யூட்டர் சயின்ஸ், எதிலிருந்தும் வரலாம். அப்புறம் எம்.டெக்., பிஎச்.டி. நிகழ்தகவும் அணிக் கணக்கும் கைவர வேண்டும், வெயிலில் நின்று பேட்டரி மாற்றச் சலிக்கக் கூடாது. வேலை என்னவென்றால், பெரும்பாலும் ஒரே கேள்விதான்: வண்டி இப்போது எங்கே நிற்கிறது?

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், நாற்று வரிசைக்கு நடுவே போகிற வண்டிக்கு அது பக்கத்து வயல். சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும் ஆர்டிகே முறையும் அடர்ந்த மரத்தடியில் தடுமாறும். செவ்வாயிலோ ஜிபிஎஸ்ஸே கிடையாது. ஆக, வண்டியே கணக்குப் போட வேண்டும். சக்கரம் எத்தனை சுற்று என்று என்கோடர் எண்ணும், சுற்றளவால் பெருக்கினால் தூரம்.

ஆனால் சக்கரம் பொய் சொல்லும். ஒரு விடுமுறையில் சின்ன ரோபோ ஒன்றைக் கட்டி எங்கள் பழைய வீட்டு வளவில் ஓட்டினேன். ஆத்தங்குடிக் கல் தரையில் பத்து மீட்டர் என்றால் பத்து மீட்டர், சாக்பீஸ் கோட்டில் போய் நின்றது. அதையே காய்ந்த கண்மாய் மணலில் விட்டேன். பத்து வந்துவிட்டேன் என்று நின்றது, டேப் பிடித்தால் எட்டுகூடத் தேறவில்லை. 2005இல் செவ்வாயில் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ரோபோ வண்டி மணலில் புதைந்தபோதும் இப்படித்தான், சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. மீட்க ஐந்து வாரம் ஆனது.

சரி, கண் வைப்போம் என்று கேமராவைத் தரை பார்க்க மாட்டினேன். அடுத்தடுத்த படங்களில் அதே கூழாங்கல், அதே சருகு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்துத் தூரம் சொல்லும் முறை. கண்மாயில் பிரமாதம். வளவில் கொஞ்சம் வேகமாக விட்டதும் குழம்பிப்போனது, ஏனென்றால் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூவைப் போலவே அடுத்த பூ, ஒரு கல் தாண்டியும் நகரவே இல்லை என்று நினைத்துக்கொண்டது! (ஆயுதபூஜையன்று ஆத்தா லென்ஸிலேயே சந்தனம் வைத்தது தனிக் கதை.) அடையாளமே இல்லாத மணலுக்கு, செவ்வாயில் ஓடும் இன்னொரு நாசா வண்டியான கியூரியாசிட்டியில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். சக்கரத்தில் இருக்கும் ஓட்டைகள் போகிற தடத்தில் மோர்ஸில், அதாவது தந்திக்காரரின் புள்ளி-கோடு எழுத்தில், 'ஜேபிஎல்' (வண்டியைக் கட்டிய நாசா ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கம்) என்று பதித்துக்கொண்டே போகும், வண்டி திரும்பிப் பார்த்து அதையே அளவுகோலாக்கிக்கொள்ளும்.

இப்போது சக்கரம் ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. யாரை நம்புவது? 1960இல் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் எழுதிய கணக்கு (அப்பல்லோ விண்கலத்தை நிலாவுக்கு வழிநடத்தியதிலும் அதற்குப் பங்குண்டு), இரண்டு பேரையும் நம்பு, அவரவர் யோக்கியதைக்குத் தக்கபடி நம்பு என்கிறது. சக்கரம் 10 மீட்டர் என்கிறது, ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். கேமரா 8 என்கிறது, அரை மீட்டர் முன்பின். பாதிப் பாதியாக 9 என்று பஞ்சாயத்து பேசக் கூடாது. பிழை பாதியானால் மதிப்பு நாலு மடங்கு, அதாவது சக்கரத்துக்கு 1, கேமராவுக்கு 4. பத்தும் முப்பத்திரண்டும் நாற்பத்திரண்டு, ஐந்தால் வகுத்தால் 8.4. அழகு இதற்கு மேல்தான் இருக்கிறது: இந்த விடையின் பிழை சுமார் 45 சென்டிமீட்டர், கேமரா தனியாகச் சொன்னதைவிடக் குறைவு. மட்டமான சாட்சியைச் சேர்த்த பிறகும் தீர்ப்பு கூர்மையாகிறது. முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது நம்பாமல் மூன்று முறை சரிபார்த்தேன்.

நிபந்தனை ஒன்று உண்டு. அந்த 'முன்பின்' எவ்வளவு என்பதை யோக்கியமாகச் சொல்ல வேண்டும். மணலுக்கு எவ்வளவு, சேற்றுக்கு எவ்வளவு, சரளைக்கு எவ்வளவு? இது டேபிளில் உட்கார்ந்தால் வராது, அந்தந்த மண்ணில் ஓட்டி, அளந்து, மறுபடி ஓட்ட வேண்டும். ஆராய்ச்சியாளரின் நாள் இதில்தான் போகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி திறக்கப்பட்ட ஊர் இந்தக் காரைக்குடி. இன்றைக்கு ஏசி லேபுக்குப் பணம் கேட்டால் கிடைத்துவிடும், ஆறு மாதம் கண்மாயில் டேப் பிடிக்கக் கேட்டால் "இதில் என்ன சார் ஆராய்ச்சி" என்கிறார்கள்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் ரோபோவை அதே கண்மாய்க்குக் கொண்டுபோனேன். ஈர மணலில் சக்கரம் நன்றாகவே பிடித்தது, கோடையில் எழுதிவைத்த பிழைக் கணக்கு அத்தனையும் வீண். மறுபடி டேப்.